உங்களுக்குத் தெரியுமா? மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு கேம் பெட்டி

✦ மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கவர், சார்ஜர் விற்கும் கடைகளில் ஏறி இறங்கினால், கண்ணாடி ஷோகேஸுக்குள் இரண்டு தினுசு கேம் பெட்டிகள் கண்ணில் படும். ‘400 இன் 1’ என்று மேலட்டையில் போட்ட கையடக்கப் பெட்டி ஒன்று. விலை சில நூறு ரூபாய். டிவியின் பின்னால் செருகும் கேம் ஸ்டிக் இன்னொன்று. மூன்றாவதாக ஒரு தினுசு உண்டு. லினக்ஸில் ஓடும் இது, ‘ஆர்36எஸ்’ மாதிரியான பெயரோடு பெரும்பாலும் ஆன்லைனில் வருகிறது. விலை மூவாயிரம் ரூபாயை ஒட்டி முன்னே பின்னே இருக்கும். வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான், உள்ளே சங்கதி வேறு. முழுப் பரீட்சை லீவில் ‘அப்பா, வாங்கிக் குடுங்கப்பா’ என்று நச்சரிப்பு தொடங்கிவிட்ட வீடுகளுக்காக இந்தத் துணுக்குகள்.

✦ பிளேஸ்டேஷனிலோ ஸ்விட்சிலோ ஒரு கேம் வெளிவர வேண்டுமென்றால் சோனியோ நின்டெண்டோவோ ஒப்புதல் முத்திரை குத்த வேண்டும். விற்கிற ஒவ்வொரு கேமிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. பெட்டியை அடக்க விலைக்கே தள்ளிவிட்டாலும் கேமில் காசு பார்த்துவிடலாம் என்பதுதான் கணக்கு. மூன்றாவது தினுசான திறந்த தளப் பெட்டியில் இந்த வாசல் காவல் கிடையாது. யார் எழுதிய கேமையும் மெமரி கார்டில் போட்டு ஓட்டலாம். பிடிக்கவில்லையென்றால் உள்ளே இருக்கும் இயங்குதளத்தையே மாற்றிவிடலாம். கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் காவல் இல்லாத வீட்டில் கூப்பிட்ட குரலுக்கு ஆளும் இல்லை. பழுது வந்தால் வாங்கியவர் பாடு.

✦ சேகா கம்பெனி 1995-ல் ஷா வாலஸுடன் கூட்டுச் சேர்ந்து மெகா டிரைவ் பெட்டியை இந்தியாவில் இறக்கியது. 80 சதவீத இறக்குமதி வரிக்குத் தப்பிக்கத்தான் இந்த ஏற்பாடு. அப்படியும் விலை 18,000 ரூபாய்! அன்றைக்கு அந்தக் காசுக்கு ஒரு கலர் டிவியே வந்திருக்கும்.

✦ அப்புறம் எப்படித் தொண்ணூறுகளில் நம் தெருக்களில் மரியோ ஓடினார்? நகல் பெட்டியின் புண்ணியம். நின்டெண்டோ 1983-ல் ஜப்பானில் கொண்டுவந்த ஃபேமிகாமின் உள்ளுறுப்புகளைத் தைவான் சிப் கம்பெனிகள் அப்படியே நகலெடுத்தன. அந்தச் சிப்பை வைத்து யார் வேண்டுமானாலும் பெட்டி கட்டலாம் என்றானது. லிட்டில் மாஸ்டர் போல ஊருக்கு ஊர் பெயர்தான் மாறியது, கேசட் ஒன்றுக்கொன்று பொருந்தியது. காசு கொடுத்து உரிமம் வாங்காத கம்பெனிகள், யாரும் திட்டமிடாமலே ஒரு திறந்த தளத்தை உண்டாக்கிவிட்டன. நியாயம் என்று சொல்லவில்லை. அது இல்லாமல் இருந்திருந்தால் மேலூரிலும் உசிலம்பட்டியிலும் ஒரு தலைமுறை ஜாய்ஸ்டிக்கையே தொட்டிருக்காது என்பதும் நிஜம்.

✦ படம் வராவிட்டால் கேசட்டின் வாயில் ஊதிச் செருகுவோமே, அதைச் செய்யாதீர்கள் என்று நின்டெண்டோவே சொல்லியிருக்கிறது. மூச்சுக்காற்றின் ஈரம் செம்புத் தகடுகளை அரிக்கும். ஊதியதும் வேலை செய்ததற்குக் காரணம் ஊதல் இல்லை, கழற்றி மறுபடி மாட்டியதுதான்.

✦ ஃபேமிகாம் கடைக்கு வந்த தேதி 1983 ஜூலை 15. சரியாக 40 ஆண்டு கழித்து, 2023 ஜூலை 15-ல், காமராஜர் பிறந்த நாளன்று மதுரை புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. லீவில் பிள்ளைகளை எங்கே தள்ளுவது என்று யோசிக்கும் பெற்றோர் வேண்டுமானால் ஒரு சம்பந்தம் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

✦ தமிழக அரசு 2006 செப்டம்பர் 15 முதல் கொடுத்த இலவசக் கலர் டிவி 14 இஞ்ச். ஒன்றரைக் கோடி வீடுகளுக்கும் மேல் போனது. பழைய டிவி கேமுக்கு அது போதும், ஆன்டெனா வயரைச் செருகினாலே படம் வந்துவிடும். இப்போதைய கேம் ஸ்டிக்குக்கு எச்டிஎம்ஐ ஓட்டை வேண்டும், பழைய டிவியில் அது கிடையாது. எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் கன்வெர்ட்டருக்குத் தனிக் காசு. வீட்டில் பழைய டிவிதான் இருக்கிறதென்றால் ஸ்டிக் வாங்கும் முன் இதை ஞாபகம் வையுங்கள்.

✦ ‘400 இன் 1’ பெட்டியின் முதுகு மூடியைத் தள்ளிப் பாருங்கள். உள்ளே படுத்திருப்பது பெரும்பாலும் பிஎல்-5சி ரகப் பேட்டரி. ஆமாம், நோக்கியா 1100-ல் இருந்த அதே சைஸ்! (2007 ஆகஸ்டில் 4 கோடியே 60 லட்சம் பிஎல்-5சி பேட்டரிகள் சூடாகலாம் என்று நோக்கியா அறிவித்ததும், நாடு முழுக்க ஜனங்கள் செல்லைக் கழற்றி நம்பர் பார்த்தது நினைவிருக்கலாம்.) இன்னும் நான்கு திருகைக் கழற்றினால் பச்சைப் பலகையின் நடுவே கறுப்புப் பசைப் பொட்டு ஒன்று தெரியும். அதற்கு அடியில்தான் சிப். பெயரும் இல்லை, நம்பரும் இல்லை, மாற்றவும் முடியாது. மெமரி கார்டு செருக இடமும் கிடையாது. உள்ளே ஓடுவது அதே பழைய ஃபேமிகாம் நகல்தான். எண்ணிக்கையிலும் சூது உண்டு. ஒரே கேம், வேறு வேறு பெயரில் நாலைந்து தடவை வரும். ரயிலில் சென்னை போகும்வரை குழந்தையை உட்கார வைக்க இது போதும். திறந்த தளம் என்ற பேச்சை மட்டும் இதனிடம் எடுக்காதீர்கள்.

✦ மலிவு விலையில் திறந்த பெட்டி என்றாலே உலகம் முழுக்க நினைவுக்கு வரும் பெயர் ‘ஊயா’. 2012 ஜூலையில் அமெரிக்காவின் ஜூலி உர்மன் கிக்ஸ்டார்ட்டரில் உண்டியல் வைத்தார். கேட்டது 9.5 லட்சம் டாலர், விழுந்தது 86 லட்சம் டாலர். பணம் போட்டவர்கள் 63,000 பேருக்கு மேல். உள்ளங்கையில் அடங்கும் சதுரப் பெட்டி, ஆண்ட்ராய்டு, ஒரு கண்ட்ரோலர், விலை 99 டாலர். அன்றைய மதிப்பில் 6,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. எந்தக் கேமாக இருந்தாலும் கொஞ்சம் இலவசமாக ஆடிப் பார்க்க விட வேண்டும் என்று ஒரு விதி வைத்தார்கள். நல்ல விதி. யார் வேண்டுமானாலும் கேம் எழுதி ஏற்றலாம்.

2013 ஜூன் 25-ல் கடைக்கு வந்தபோதே அதன் சிப் பழசாகிவிட்டது, புது செல்போன்கள் அதை முந்தியிருந்தன. கண்ட்ரோலரின் பட்டன் மூடிக்கு அடியில் சிக்கிக்கொள்வதாகப் புகார். இலவசமாக ஆடியவர்கள் இலவசத்தோடு கிளம்பிவிட்டார்கள். 2015-ல் கம்பெனியின் கடையையும் ஆட்களையும் ரேசர் என்ற கம்பெனி வாங்கிக்கொண்டது. 2019 ஜூன் 25-ல், கடைக்கு வந்து சரியாக ஆறு ஆண்டு கழித்து, சர்வரை அணைத்தார்கள்.

அணைத்த பிறகு நடந்ததுதான் நமக்கு வேண்டிய பாடம். பெட்டியை முதன்முதலாக ஆன் செய்யும்போது கம்பெனி சர்வரில் கணக்குப் பதிய வேண்டும். சர்வரே இல்லாததால், ரீசெட் அடித்த பெட்டி அந்தத் திரையைத் தாண்டாமல் நின்றது. காசு கொடுத்து வாங்கிய கேம்களிலும் சில, ‘இவர் வாங்கினாரா?’ என்று சர்வரைக் கேட்டுவிட்டுத்தான் திறக்கும். அவையும் போயின. அப்புறம் ரசிகர்களே ஒரு மாற்று சர்வர் எழுதினார்கள். பெட்டியில் ஒரு சின்ன அமைப்புக் கோப்பை வைத்தால் செத்த கம்பெனிக்குப் பதில் அந்தச் சர்வரோடு பேசும். பெட்டி ஓரளவு திறந்திருந்ததால் இது முடிந்தது, முழுசாகத் திறந்திருந்தால் இதற்குத் தேவையே வந்திருக்காது.

✦ ஆகையால் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை கேம் என்பதல்ல. ‘வைஃபை இல்லாமல், யாரிடமும் கணக்குத் திறக்காமல் ஓடுமா?’

✦ செல்போனும் இந்த விஷயத்தில் ஊயாவுக்கு உறவுதான். 2020 செப்டம்பர் 2-ல் மத்திய அரசு தடை போட்டதும் பப்ஜி மொபைல் போனது. பெயர் மாறி 2021-ல் பிஜிஎம்ஐ வந்தது. 2022 ஜூலையில் அதுவும் கடையிலிருந்து இறங்கி, 2023-ல் மறுபடி ஏறியது. கார்டில் கிடக்கும் கேமுக்கு இப்படி வந்து போகும் வேலை இல்லை.

✦ இந்தியாவிலும் மலிவான திறந்த பெட்டிக்கு ஆசைப்பட்டவர்கள் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலர் சேர்ந்து லினக்ஸில் ஓடும் ‘சிம்ப்யூட்டர்’ என்ற கையடக்கக் கணினியை வடிவமைத்தார்கள். அதன் வரைபடத்தையே பிறர் பயன்படுத்தத் திறந்து வைத்தார்கள். 2004-ல் ‘அமிடா’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. அசைவை உணரும் சென்சார் அதில் இருந்தது. கையைச் சாய்த்தால் பக்கம் புரளும். ஐபோன் வர இன்னும் மூன்று ஆண்டு இருந்தது! விலைதான் உதைத்தது. ஆரம்பமே பத்தாயிரம் ரூபாயை நெருங்கியது.

அடுத்தது ‘ஆகாஷ்’ டேப்லெட், 2011 அக்டோபர் 5. டேட்டாவிண்ட் கம்பெனி அரசுக்குக் கொடுத்த விலை 2,276 ரூபாய். மானியம் போக மாணவருக்கு 1,750. ஆண்ட்ராய்டுதான், ஆனால் 256 எம்பி ரேம், 366 மெகாஹெர்ட்ஸ் சிப், நகத்தால் அழுத்தினால்தான் கேட்கும் திரை. முதலாவதில் விலை கூடிப்போனது. இரண்டாவதில் விலையைக் குறைக்கப் போய்ப் பெட்டியே குறைந்துபோனது.

✦ மெமரி கார்டு, லினக்ஸ், இரண்டு பென்டார்ச் செல். 2005-ல் கொரியாவில் வந்த ஜிபி2எக்ஸ் என்ற கேம் பெட்டிக்கு இவ்வளவுதான் முதலீடு. செல் தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். கம்பெனி இன்று இல்லை. செல்லும் கார்டும் இன்றும் கிடைக்கின்றன.

✦ இனி ஆர்36எஸ். இதயம் ராக்சிப் ஆர்கே3326 என்ற சிப், 1 ஜிபி ரேம், மூன்றரை இஞ்ச் திரை, இரண்டு கார்டு செருகும் இடம். 2020-ல் கொரியாவின் ஹார்ட்கர்னல் கம்பெனி ‘ஒட்ராய்ட் கோ அட்வான்ஸ்’ என்ற பெட்டியை இதே சிப்பில் கொண்டுவந்து, மென்பொருளையும் திறந்து கொடுத்தது. அதன் மேல் ஆர்வலர்கள் சம்பளம் வாங்காமல் எழுதியதுதான் ‘ஆர்க்ஓஎஸ்’. அதை எடுத்துப் போட்டுத்தான் சீனக் கம்பெனிகள் மலிவுப் பெட்டி விற்கின்றன. ஃபேமிகாம், கேம்பாய், மெகா டிரைவ், முதல் பிளேஸ்டேஷன் காலத்துக் கேம்கள் சிரமமில்லாமல் ஓடும். நின்டெண்டோ 64, ட்ரீம்காஸ்ட், பிஎஸ்பி எல்லாம் ஓடினால் ஓடும். பிளேஸ்டேஷன் 2 ஓடும் என்று யாராவது சத்தியம் செய்தால் வேறு கடை பாருங்கள்.

நகலுக்கும் நகல் வந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. ஆர்36எஸ் போலவே கூடு, பட்டன், பெயர், ஆனால் உள்ளே வேறு சிப். அதில் ஆர்க்ஓஎஸ் ஏறாது. அப்போது திறந்த தளம் என்று நினைத்து வாங்கியது மூடிய பெட்டியாகிவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி, செட்டிங்ஸில் சிப்பின் பெயரைப் பார்ப்பது. விளம்பரத்தில் சிப் பெயரே போடவில்லையா? அந்த விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

✦ உங்கள் வீட்டுப் பரணில் ஒரு கேம் பெட்டி ஏற்கெனவே கிடக்கலாம். 2011 செப்டம்பர் 15 முதல் பிளஸ் டூ, கல்லூரி மாணவர்களுக்குத் தமிழக அரசு கொடுத்த இலவச லேப்டாப்! எட்டு ஒன்பது ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேல் போய்ச் சேர்ந்தது. வாங்கிக் கொடுத்தது அரசு நிறுவனமான எல்காட். நம் வடபழஞ்சியிலும் இலந்தைக்குளத்திலும் ஐடி பூங்கா கட்டிய அதே எல்காட்தான். அந்த லேப்டாப்பில் விண்டோஸ் பக்கத்திலேயே ‘பாஸ் லினக்ஸ்’ என்று ஒன்று இருக்கும். சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம், தமிழும் பேசும். கொடுத்த அன்றிலிருந்து அதைத் திறந்தே பார்க்காதவர்கள் உண்டு.

அந்த லேப்டாப்பில் பேட்டரி செத்திருக்கும், கீல் ஆடும். பரவாயில்லை, சார்ஜரில் போட்டால் ஓடுமா என்று மட்டும் பாருங்கள். 64 பிட் சிப்பாக இருந்தால் ‘பட்டோசெரா’ என்ற இலவச லினக்ஸை 16 ஜிபி பென்டிரைவில் எழுதிக்கொள்ளலாம். லேப்டாப்பை அதிலிருந்து பூட் செய்தால் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் கல்யாண ஆல்பத்துக்கு ஒரு சேதாரமும் இல்லாமல், முழுசாகக் கேம் பெட்டியாக எழுந்திருக்கும். பென்டிரைவை உருவினால் பழையபடி லேப்டாப். சில நூறு ரூபாய்க்கு வயர் வைத்த யுஎஸ்பி கண்ட்ரோலர் ஒன்று வாங்கினால் வேலை முடிந்தது. மூவாயிரம் ரூபாய்ப் பெட்டி செய்கிற வேலையை இது பெரிய திரையில் செய்யும். என்னைக் கேட்டால் முதலில் இதைச் செய்து பார்த்துவிட்டு, பையனுக்குக் கார்டு மாற்றவும் கோப்பு ஏற்றவும் கை பழகிய பிறகு கையடக்கப் பெட்டி வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பழகவே இல்லையென்றால் மூவாயிரம் மிச்சம்.

(2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று அரசு மறுபடி அறிவித்தது. புதுசு கிடைத்த வீட்டில் பழசு இன்னும் சுலபமாகக் கையில் கிடைக்கும்.)

✦ பெட்டியோடு ‘15,000 கேம் இலவசம்’ என்று ஒரு கார்டு வருகிறதே, அது சட்டப்படி சரியா? இல்லை. பழைய பெட்டியைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருள் குற்றமில்லை. சோனிக்கும், எமுலேட்டர் எழுதிய கனெக்டிக்ஸுக்கும் நடந்த வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-லேயே கனெக்டிக்ஸ் பக்கம் நின்றது. கேம் சங்கதி வேறு. 1985-ல் வந்த சூப்பர் மரியோ இன்றைக்கும் நின்டெண்டோவின் சொத்து. நம் 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, முறையாக வாங்கிய மென்பொருளைக் கெட்டுப்போனால் உதவும் என்று நகலெடுத்து வைக்க இடம் கொடுக்கிறது. வாங்காத கேமுக்கு அந்த இடம் இல்லை.

✦ காப்புரிமைத் தொல்லை இல்லாத நல்ல கேம்களும் ஏராளம். ‘டூம்’ கேமின் மூலநிரலை ஐடி சாஃப்ட்வேர் 1997-ல் வெளியே விட்டது. அதற்குப் படமும் ஒலியும் கட்டங்களும் புதிதாக வரைந்து இலவசமாகக் கொடுப்பது ‘ஃப்ரீடூம்’. ஜப்பானியர் ஒருவர் தனியாளாக ஐந்து ஆண்டு உட்கார்ந்து எழுதி 2004-ல் சும்மா கொடுத்தது ‘கேவ் ஸ்டோரி’. கார் ஓட்ட ‘சூப்பர்டக்ஸ்கார்ட்’, படை நடத்த ‘பேட்டில் ஃபார் வெஸ்னாத்’. லினக்ஸ் கையடக்கப் பெட்டிகளுக்கென்றே இப்படிப்பட்டவற்றைத் திரட்டித் தரும் ‘போர்ட்மாஸ்டர்’ என்ற கருவியும் இருக்கிறது. ஒரு கோடை இதிலேயே கழிந்துவிடும்.

✦ ஊயா தோற்றது, ஆனால் அதில் முதலில் வந்த ‘டவர்ஃபால்’ என்ற கேம் தோற்கவில்லை, பிறகு பெரிய பெட்டிகளுக்கெல்லாம் போனது. அதை எழுதிய மேடி தோர்சன், 2015-ல் நண்பரோடு சேர்ந்து நாலே நாளில் ‘பிகோ-8’ என்ற தளத்தில் ஒரு சின்ன கேம் செய்தார். திரை வெறும் 128-க்கு 128 புள்ளி, 16 நிறம். 2018-ல் உலகம் கொண்டாடிய ‘செலஸ்ட்’ அதிலிருந்து வளர்ந்ததுதான். பிகோ-8-க்குக் காசு உண்டு. அதே பாணியில் ‘டிக்-80’ மூலநிரலோடு இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். ஆடுகிற பிள்ளை ஒரு நாள் ‘இதை எப்படிப்பா செய்றாங்க?’ என்று கேட்டால் இதைத் திறந்து கொடுங்கள். பிளேஸ்டேஷன் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கதவு இவ்வளவு பக்கத்தில் இல்லை.

✦ சித்திரை வெயிலில் மதுரை 40 டிகிரியைத் தொடுகிறது. லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்ய வழக்கமாகச் சொல்லும் உச்சவரம்பு 45 டிகிரி. ஓடு வேய்ந்த மாடியிலும் நிறுத்திய காரிலும் சார்ஜ் போட்டால் அந்த வரம்பு சுலபமாகத் தாண்டும். பெட்டியின் முதுகு லேசாக உப்பினாற்போலத் தெரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். மலிவுப் பெட்டிக்கு 65 வாட் செல்போன் சார்ஜர் போடாமல் சாதாரண 5 வோல்ட் சார்ஜர் போடுவதும் நல்லது.

✦ 2012-ல் சென்னையைத் தவிர்த்த தமிழ்நாடு ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாமல் கிடந்தது. அந்த வருஷம் இந்தக் கையடக்கப் பெட்டி இருந்திருந்தால் வாடிப்பட்டியிலும் சோழவந்தானிலும் கொள்ளை வியாபாரம் ஆகியிருக்கும். இப்போது மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையின்போது மட்டும்தான் அந்த அருமை தெரியும்.

✦ முடிவெடுத்து வாங்கிவிட்டீர்களா? பெட்டிக்கு முன்னால் சாவது அதோடு வரும் பெயர் தெரியாத மெமரி கார்டுதான். முதல் நாளே அதைக் கணினியில் செருகி முழுசாக நகலெடுங்கள், பெயருள்ள கம்பெனியின் கார்டுக்கு மாற்றுங்கள். 64 ஜிபி என்று அச்சடித்திருந்தாலும் உள்ளே அவ்வளவு இருக்கிறதா என்று விண்டோஸில் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’, லினக்ஸில் ‘எஃப்3’ என்ற இலவச நிரல்கள் எழுதிப் படித்துச் சரிபார்த்துச் சொல்லும். இரண்டு குச்சியையும் எட்டுத் திசைக்கும் தள்ளுங்கள், ஒவ்வொரு பட்டனையும் அழுத்துங்கள், ஒலியை முழுசாக வைத்துக் கேளுங்கள். ஆன்லைனில் வந்த பார்சல் என்றால் டேப்பைக் கிழிப்பதிலிருந்து பெட்டி ஆன் ஆகும்வரை செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்ப நேர்ந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.